கீழக்கரையிலிருந்து துபாய்: தூரமும் நேரமும் கணக்கிடுவது எப்படி?

ராமநாதபுரம் கரையோரத்துக்காரர்களுக்கு வளைகுடா போக அருகில் உள்ள விமான நிலையம் மதுரைதான். அங்கிருந்து துபாய்க்கு வான்வழித் தூரம் எவ்வளவு?

மதுரை நிலையம் 9.8° வடக்கு, 78.1° கிழக்கு. துபாய் 25.25° வடக்கு, 55.4° கிழக்கு. அட்சரேகை வித்தியாசம் 15.4; ஒரு பாகை சுமார் 111 கி.மீ. என்பதால் அதை 111ஆல் பெருக்கினால் 1,710 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 22.7, இதை 111ஆல் பெருக்கி, இரண்டு ஊர்களுக்கும் நடுவிலுள்ள அட்சரேகையின் (17.5°) கொசைனான (cos) 0.954ஆலும் பெருக்க வேண்டும்: 2,400 கி.மீ. இந்தக் கொசைனைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் நூறு கி.மீ. கூடிவிடும், ஏனென்றால் வடக்கே போகப்போகத் தீர்க்கரேகைகள் நெருங்குகின்றன. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 2,950 கி.மீ.

ஜெட் விமானத்துக்கு மணிக்கு 850 கி.மீ. வைத்தால் மூன்றரை மணி நேரம். ஏற, இறங்க, ஓடுபாதைக்கு நகர அரை மணிக்கு மேல் சேருங்கள். நான்கு மணியைத் தாண்டும். எதிர்க்காற்று இருந்தால் இன்னும் கூடும்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். காலை 11:00க்குக் கிளம்பி 1:40க்கு இறங்குவதாக இருந்தால் பயணம் 2:40 அல்ல; துபாய் ஒன்றரை மணி பின்னால் இருப்பதால் 4:10. திரும்பும்போது ஒன்றரையைக் கழிக்க வேண்டும்.

ராமநாதபுரத்திலிருந்து பரமக்குடி, மானாமதுரை வழியாகச் சாலையில் சுமார் 110 கி.மீ.; இரண்டரை மணி வையுங்கள். கீழக்கரைக்காரர்கள் இன்னொரு அரை மணி. நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்பே இருப்பது நல்லது. 15ஆம் தேதி 00:40 விமானம் என்றால் கீழக்கரையில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி மாலை 6:40க்கு.