ஆவணி ஒன்றுக்கு முன்னால் தூண்டில்காரர் செய்து முடிக்க வேண்டியவை

ஆடி மாசம். குழித்துறை ஆறு பால் கூடிப்போன சாயா நிறத்தில் ஓடுகிறது, தேங்காப்பட்டணத்தில் கடல் துறைமுகத்துக் கல்லைத் தாண்டி அடிக்கிறது, ராடு கதவுக்குப் பின்னால் குடையோடு சாய்ந்து நிற்கிறது. முடிவெடுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஜனவரி ஒன்றாம் தேதி தீர்மானம் எடுப்பது மற்றவர்களுக்குச் சரியாக இருக்கலாம், நமக்கு அது நடு சீசன். ஆறு கடலில் சேரும் வாயான பொழியில் நிற்க வேண்டிய நாளில் வீட்டில் உட்கார்ந்து சபதம் எழுத யாரால் முடியும்? 1956 வரைக்கும் திருவிதாங்கூரோடு இருந்த கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்கள் இவை, என் தாத்தா சாகும்வரை கொல்லம் ஆண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தார், அந்தக் கணக்கில் ஆவணி ஒன்று, மலையாளத்தில் சிங்கம் ஒன்று, வருஷப் பிறப்பு. மழை குறைந்து ஆறு தெளியத் தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான். தூண்டில்காரனுக்கும் அதையே வருஷப் பிறப்பாக வைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒன்று. "அடுத்த சீசனில் நிறைய மீன் பிடிப்பேன்" என்று சபதம் எடுக்காதீர்கள். அதற்கு மீனும் சம்மதிக்க வேண்டும். செய்தேனா இல்லையா என்று இரவு வீட்டுக்கு வந்ததும் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிகிற மாதிரி இருந்தால்தான் அது சபதம். நான் நாலு வருஷமாக எடுத்துவருகிறேன், அதில் உருப்படியாகக் காப்பாற்றியது இரண்டோ மூன்றோதான், அவை எல்லாமே சின்ன விஷயங்கள், ஆனால் மீனைக் கரைக்குக் கொண்டுவந்தது அவைதான்.

பெரிய சபதம், முடிச்சு.

போன வருஷம் தேங்காப்பட்டணம் பொழியில், கருக்கல் நேரம், ஒரு கொடுவா பட்டது. கேரளத்துப் பூவாறு பக்கம் போனால் காளாஞ்சி என்பார்கள், அதே மீன்தான். ஒரு தடவை தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறியது, சட்டென்று நூல் லேசாகிவிட்டது. "நரம்பே அறுந்துபோச்சு, அவ்வளவு பெரிசு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் நூலின் நுனியைப் பார்த்தால் பன்றி வால் மாதிரி சுருண்டிருக்கிறது. நுனி அப்படிச் சுருண்டிருந்தால் நூல் அறுபடவில்லை, முடிச்சு உருவிக்கொண்டு போயிருக்கிறது என்று அர்த்தம். மீனின் செவுள் மூடியோ கல்லோ அறுத்திருந்தால் வெட்டுப்பட்ட மாதிரியோ சொரசொரப்பாகவோ இருக்கும். ஆக அந்தக் கொடுவாவை விட்டது நான்தான். இதை நான் யாரிடமும் திருத்திச் சொல்லவில்லை, இப்போது இங்கே சொல்வதோடு சரி.

அதனால் மீன் போன ஒவ்வொரு தடவையும் நுனியைப் பார்ப்பது என்று ஒரு சபதம். கட்டத் தெரிந்த பத்து முடிச்சையும் மறந்துவிட்டு இரண்டை மட்டும் கையில் ஏற்றிக்கொள்வது என்று இன்னொன்று. லூரிலோ (செயற்கை இரை) முள்ளிலோ கட்ட பாலோமர் அல்லது யூனி, பிரெய்டையும் (பின்னல் நூல்) லீடரையும் (முள்ளுக்கு முன்னால் வரும் நரம்பு) இணைக்க எஃப்ஜி. அது கைக்கு வரவில்லை என்றால் டபுள் யூனி போதும். டிவி பார்க்கும்போது கட்டுங்கள், பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் கட்டுங்கள், ஏனென்றால் பொழியில் முடிச்சு போடவேண்டிய நேரம் எப்போதும் இருட்டிய பிறகுதான் வரும். இறுக்கும் முன்னால் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். உலர்ந்தபடியே இழுத்தால் உரசும் சூட்டில் தங்கூஸ் நரம்பு அந்த இடத்தில் பலம் குன்றிவிடும், கண்ணுக்குத் தெரியாது, மீனுக்குத் தெரியும். கட்டியது நிற்குமா என்று பார்க்கக் கடைக்கெல்லாம் போகவேண்டாம்: ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, வாளியில் ஐந்து லிட்டர் ஊற்றி முடிச்சில் தொங்கவிட்டு மெல்லத் தூக்குங்கள். என் மகள் லிட்டர் கணக்குப் பார்க்க நான் தூக்கினேன், முதல் நாள் ஐந்தில் மூன்று முடிச்சு வாளியோடு தரையில். வராந்தா முழுக்கத் தண்ணீர். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

டிராகையும், அதாவது மீன் இழுக்கும்போது ரீல் நூலை விடுகிற இறுக்கத்தையும், அதே உட்காரலில் சரிசெய்துவிடுங்கள். கையால் இழுத்துப் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்பது கணக்கில்லை. நூல் தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோ வந்ததும் ரீல் நூலை விட வேண்டும். 20 பவுண்டு நூல் என்றால் கிட்டத்தட்ட 9 கிலோ, அப்போது இரண்டேகாலிலிருந்து மூன்று கிலோவுக்குள். பெட்டி எடை பார்க்கும் கைத்தராசு ஒன்று வீட்டில் இருக்கும், விமானத்தில் வளைகுடா போய்வருகிற வீடுகளில் கட்டாயம் இருக்கும். அதை நூலில் மாட்டி ராடை மீன் பட்ட மாதிரி வளைத்து இழுத்துப் பாருங்கள்.

அடுத்தது நோட்டு. சிரிக்காதீர்கள், நானும் சிரித்தவன்தான். பள்ளிக்கூடத்து நாற்பது பக்க நோட்டு போதும். போன தேதி, அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ எத்தனை நாள் முன்னே பின்னே (சுவரில் தொங்கும் காலண்டரே சொல்லும்), தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா, கலங்கலா தெளிவா, பொழி திறந்திருந்ததா மணல் அடைத்திருந்ததா, கொத்து வந்த மணி, என்ன இரை. வெறுங்கையோடு வந்த நாளை எழுதத்தான் கை வராது, அதைத்தான் கட்டாயம் எழுதவேண்டும். மீன் பட்ட நாள்களை மட்டும் எழுதுகிறவனுக்கு எந்த நாள் போகக்கூடாது என்பது கடைசிவரை தெரியாமலே போகும்.

எங்கள் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், குஜராத் மாதிரி கடல் கிலோமீட்டர் கணக்கில் உள்வாங்காது, அதனாலேயே "இங்கே வேலியேற்றம் (கடல் ஏற்றம்) பார்த்து என்ன ஆகப்போகுது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பொழியின் குறுகலான வாயில் அந்தக் கொஞ்ச வித்தியாசமே நல்ல இழுப்பைக் கொடுக்கும். ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும், ஆகவே போன ஞாயிறு ஆறு மணிக்கு மீன் பட்டது என்று இந்த ஞாயிறும் ஆறு மணிக்குப் போய் நிற்பது வீண். என் நோட்டில் பதினேழு தடவை போனதில் ஆறு நாள் மீன், அந்த ஆறில் ஐந்து நாள் தண்ணீர் இறங்கத் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள். உள்ளே இருக்கிற மடவைக் குஞ்சும் இறாலும் இழுபட்டு வெளியே வரும்போது கொடுவாவும் செம்பல்லியும் வாயிலில் நின்று பொறுக்கித் தின்னும், அவ்வளவுதான் ரகசியம். இது எனக்கு முன்னாலேயே ஒருத்தர் சொன்னதுதான். வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிய பெரியவர், நான் இன்னும் எறிந்துகொண்டிருப்பதைப் பார்த்து, "லே மக்கா, வெள்ளம் நின்னாச்சு, இனி யாருக்குலே எறியுத?" என்றார். வெள்ளம் என்றால் இங்கே தண்ணீர், இழுப்பு நின்றுவிட்டது என்கிறார். எழுதிவைத்த பிறகுதான் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது.

எங்கள் ஊருக்கென்றே ஒரு கணக்கும் நோட்டில் வரவேண்டும், அது பேச்சிப்பாறை. 1906-இல் கட்டி முடித்த அந்த அணையிலிருந்து உபரித் தண்ணீர் திறந்தால் கோதையாறு வழியாகக் குழித்துறை வந்து தேங்காப்பட்டணத்தில்தான் கடலில் சேரும். "திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை" என்று பேப்பரில் பார்த்தால் பொழிக்குப் போகிற பெட்ரோலை மிச்சம் பிடியுங்கள், இரண்டு மூன்று நாளைக்கு அங்கே மண்ணும் வாழைத்தண்டும் ஆகாயத்தாமரையும்தான் பிடிக்கக் கிடைக்கும். அந்த நாள்களில் நான் மணக்குடி பக்கம் போவேன், அது பழையாறு கடலில் சேரும் இடம், வேறு ஆறு, வேறு கலங்கல். கூட்டாளிகள் சிலர் எல்லை தாண்டி நெய்யாறு கடலில் சேரும் பூவாறுக்குப் போவார்கள், ஆனால் மலையில் மழை என்றால் நெய்யாறும் விட்டுவைக்காது.

குளத்தில் விரால் அடிப்பவர்களுக்கு. தவளை லூரை விரால் வாய் வைத்த சத்தம் கேட்டதும் ராடை வெட்டி இழுக்கிற பழக்கம் எனக்கு மட்டும் இருக்காது. சத்தம் கேட்டால் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணி, நூல் நகர்ந்து கனம் தெரிந்த பிறகு இழுப்பது என்று எழுதி ராடின் பிடியில் ஒட்டிவைத்திருக்கிறேன். வேலை செய்கிறது, எண்ண மறந்தால் செய்வதில்லை.

ஆனால் குளத்தில் எடுக்க வேண்டிய முக்கியமான சபதம் வேறு. செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் கொப்புளம் விட்டபடி நகர்வதைப் பார்த்தால் அங்கே எறியக்கூடாது. அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும், எது விழுந்தாலும் பாய்ந்து கடிக்கும், பசியால் அல்ல, குஞ்சைக் காப்பாற்ற. அந்த மீனைப் பிடிக்கத் திறமை எதுவும் வேண்டாம், கல்லைக் கட்டி எறிந்தாலும் கடிக்கும். பெற்றதைத் தூக்கிவிட்டால் அந்தக் கூட்டத்தை மற்ற மீன்களும் நீர்க்காகமும் ஒரு நாளில் முடித்துவிடும். புதுமழைக்கு முட்டையோடு வயலுக்கு ஏறுகிற மீனை அடைத்துப் பிடிக்கிற ஊத்தைப் பிடித்தமும் இப்படித்தான், கேரளத்தில் 2010-ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின்கீழ் அது குற்றம். எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் குற்றம் என்றால் இந்தப் பக்கம் களியக்காவிளையில் மட்டும் அந்த மீனுக்கு முட்டை இல்லாமலா இருக்கும்.

கொடுவாவிலும் இதே மாதிரி ஒரு விஷயம் உண்டு: அது முதலில் ஆணாக வளர்ந்து பெரிதான பிறகு பெண்ணாக மாறும் மீன். ஆகவே எல்லோரும் தோளில் போட்டு போட்டோ எடுக்க ஆசைப்படுகிற அந்தப் பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டையிடுகிற பெண். நான் நடுத்தர அளவை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன், பெரியதை விடுவது என்று வைத்திருக்கிறேன். இதுவரை அந்தச் சபதத்துக்குச் சோதனை வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கரிமீனுக்குப் பெரிய பாடமெல்லாம் இல்லை. வாய் சின்னது, முள்ளையும் சின்னதாக்குங்கள், மைதா உருண்டையைப் பட்டாணி அளவுக்குக் குறையுங்கள், தக்கை அசைந்ததுமே இழுங்கள்.

முள்ளைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக இழுத்துப் பாருங்கள். கீறிக்கொண்டு நின்றால் கூர்மை, வழுக்கினால் அரம் போடவேண்டும், அல்லது தூக்கிப் போடவேண்டும். உப்புத் தண்ணீரிலிருந்து வந்த ரீலைக் குழாயில் மெல்லிய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பைக் கழுவுகிற பம்பால் அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். கழுவித் துடைத்து டிராகைத் தளர்த்தி வையுங்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், பாதிப்பேர் செய்வதில்லை, போன வாரம் என் ரீலைத் திறந்தபோது நான் எந்தப் பாதி என்று தெரிந்துவிட்டது.

கடலோரக் கல்லில் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்குக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். மழைக்காலத்துக் கடலை நமக்குத் தெரியும், பயந்து ஒதுங்குவோம். பயம் வராத கடல்தான் ஆபத்து. கள்ளக்கடல் என்று மலையாளத்துக் கடற்கரையில் சொல்கிறார்களே, உள்ளூரில் காற்றே இல்லாமல், தெற்கே வெகுதொலைவில் எழுந்த பேரலை நாள்கணக்கில் பயணம் செய்து திடீரென்று கரையில் ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரத்தில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் இழுத்துக்கொண்டது அப்படியொரு எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது, செய்தியிலும் வரும். எச்சரிக்கை உள்ள நாளில் கல்லில் ஏறுவதில்லை. மற்ற நாளிலும் போனதும் ராடைப் பிரிக்காமல் பத்து நிமிஷம் அலையை மட்டும் பார்ப்பது, நிற்கப்போகிற கல் அதற்குள் ஒரு தடவை நனைந்தாலும் வேறு கல். தனியாகப் போவதில்லை, யாரும் வரவில்லை என்றால் அன்றைக்குக் குளம்.

புது ராடு வாங்கவேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அந்தக் காசில் நல்ல பிரெய்டும் ஒரு சுருள் லீடரும் நல்ல முள்ளும் வாங்கினால் மிச்சம் வரும், மிச்சத்தை வீட்டில் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை காலை நாலரைக்குக் கதவு திறக்கிற சத்தத்துக்கு யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

கடைசியாக, இந்த வாரமே செய்யக்கூடிய ஒன்று. ஒவ்வொரு பொழிக்குப் பக்கத்திலும் ஒரு சாயாக் கடை இருக்கும். போய் ஒரு சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டுவிட்டு, அண்ணாச்சியிடம் போன் நம்பர் வாங்கி வையுங்கள். பொழி திறந்திருக்கா, தண்ணி தெளிஞ்சாச்சா, இரண்டே கேள்வி. போன வருஷம் மணக்குடிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் மழையில் ஓட்டிக்கொண்டு போனேன், மணல் அடைத்து வாயே இல்லை, பையன்கள் அதன் மேல் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.