களைக்கீரையைத் தொட்டியில் வளர்க்க

கீரைக்காக டான்டிலியன் விதை வாங்கித் தொட்டியில் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மஞ்சள் பூப் பூக்கும் அந்த டான்டிலியன் குளிர்நாட்டுச் செடி. நாகர்கோவில் வெயிலில் அதன் விதை சரியாக முளைக்காது. தப்பி முளைத்தாலும் இலை சிறுத்துக் கசக்கும். அந்தக் காசுக்கு நம் வாழைத்தோப்பில் கேட்பாரற்றுக் கிடக்கும் பருப்புக்கீரையே மேல்.

ஓரடி அகலம், அரையடி ஆழம் உள்ள தொட்டி போதும். செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு. தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிச் சேர்க்க வேண்டும்; காயலில் ஊறிய கதம்பையிலிருந்து (தேங்காய் மட்டை) வந்ததென்றால் உப்பு இருக்கும், நுனி கருகும். சாணத்தைக் கூட்டிப் போட்டால் செடி கொழுக்கும், ருசி போகும்.

பருப்புக்கீரை விதை கடுகைவிடப் பொடி. ஒரு சிட்டிகையை ஒரு கை மணலோடு கலந்து மேலே தூவி, உள்ளங்கையால் அமுக்கினால் போதும். மண்ணைப் போட்டு மூடினால் முளைக்காது, அதற்கு வெளிச்சம் வேண்டும். விதை கிடைக்காவிட்டால் ஒரு விரல் நீளத் தண்டை நட்டாலும் வேர்விடும். நான்கைந்து வாரத்தில், அடியில் இரண்டு விரல் உயரம் விட்டு, பூக்கும் முன்பே அறுக்கலாம். காலையில் அறுத்த கீரை புளிக்கும். இரவில் இலைக்குள் சேரும் அமிலம் பகல் வெயிலில் குறைந்துவிடுவதால் சாயங்காலம் அறுத்தது அவ்வளவு புளிக்காது. துவரனுக்கு (தேங்காய் சேர்த்த பொரியல்) சாயங்காலக் கீரை, பருப்போடு கடைய காலைக் கீரை.

அறுக்கும்போது தண்டை ஒடித்துப் பாருங்கள். பால் வந்தால் அது பருப்புக்கீரை இல்லை, அம்மான்பச்சரிசி இனம், பிடுங்கி எறியுங்கள்.

பொன்னாங்கண்ணிக்கு நான்கு அங்குலத் தண்டு, இரண்டு கணு மண்ணுக்குள். வெள்ளைப்பூ இலைக்கக்கத்தில் ஒட்டி இருக்க வேண்டும். தனிக்காம்பில் நின்றால் அது வேறு களை. வல்லாரைக்கு வேர்விட்ட கொடித்துண்டும் கிணற்றடி ஈரமும் அரைநிழலும் போதும். மூக்கிரட்டையைப் பிடுங்கி நடாதீர்கள், ஆணிவேர் அறுந்து பட்டுப்போகும், விதை போடுவதே நல்லது.

இடவப்பாதி மழையில்தான் (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) பாடு. குமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் தொட்டியைக் கூரை ஓரத்துக்கு நகர்த்தி, அடித்துளை அடையாமல் பார்க்க வேண்டும். பருப்புக்கீரை தண்டு அழுகுவது பெரும்பாலும் தேங்கிய நீரால்தான். இலையடியில் வெள்ளைக் கொப்புளம் கண்டால் அந்தச் செடியை அப்புறப்படுத்தி, மிச்சத்துக்கு இடைவெளி விட்டு, அடியில் மட்டும் நீர் ஊற்றுங்கள். தோவாளையில் வெயில் அதிகம், மழை குறைவு; அங்கே வல்லாரைதான் வாடும்.

தாய்ச்செடி எங்கிருந்து எடுக்கிறோம் என்பது முக்கியம். களைக்கொல்லி அடிக்கும் ரப்பர் தோட்டமும் சாக்கடை ஓரமும் ஆகாது. பொன்னாங்கண்ணி அழுக்கு நீரிலுள்ள உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

பருப்புக்கீரையில் ஆக்ஸாலிக் அமிலம் அதிகம். வேகவைத்த நீரை வடித்துவிட்டால் குறையும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.