டெஸ்ட் கேஸ் கேட்கும் முன் விதிகளைக் கொடுங்கள்

"லாகின் பக்கத்துக்கு டெஸ்ட் கேஸ் எழுது" என்று மட்டும் ஏஐயிடம் கேட்டால் (டெஸ்ட் கேஸ் என்பது மென்பொருள் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் ஒரு சோதனை), எந்த லாகின் பக்கத்துக்கும் பொருந்துகிற பொதுவான பட்டியல்தான் வரும். உங்கள் மென்பொருளின் விதிகள் அதற்குத் தெரியாதே. அதனால் விதிகளை எண் போட்டு முதலில் கொடுங்கள். உதாரணமாக, விதி 1: பாஸ்வேர்டு 8 முதல் 20 எழுத்து வரை. விதி 2: தொடர்ந்து 5 முறை தவறினால் கணக்கு 30 நிமிடம் பூட்டப்படும்.

அப்புறம், எந்தச் சோதனை உத்தி வேண்டும் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். விதி 1-க்கு பவுண்டரி வேல்யூ அனாலிசிஸ் (எல்லை மதிப்புகளையும் அவற்றை ஒட்டியவற்றையும் சோதிப்பது) என்றால் 7, 8, 20, 21 எழுத்துகளுக்கான கேஸ்கள் கிடைக்கும். விதி 2-க்கு ஸ்டேட் டிரான்சிஷன் (ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுவதைச் சோதிப்பது) கேளுங்கள். 4 முறை தவறி, ஐந்தாவது முறை சரியாகப் போட்டால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா? பூட்டியிருக்கும்போது சரியான பாஸ்வேர்டு கொடுத்தால் என்ன ஆகும்? பிழைகள் பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களில்தான் பதுங்கியிருக்கும்.

விடையை அட்டவணையாகக் கேட்கும்போது, "எந்த விதியைச் சோதிக்கிறது" என்று ஒரு நெடுவரிசை கட்டாயம் சேருங்கள். என் கணக்கில் இதுதான் மிக முக்கியம். விதி எண் இல்லாத வரி ஏஐயின் சொந்த ஊகம் என்று உடனே தெரிந்துவிடும்.

கடைசியாக, "தெளிவில்லாததை ஊகிக்காதே, கேள்வியாகக் கேள்" என்று ஒரு வரி. அந்தக் கேள்விகளை அப்படியே டெவலப்பரிடம் கொண்டுபோங்கள். வாடிக்கையாளரின் உண்மைத் தரவை மட்டும் ப்ராம்ப்ட்டில் (ஏஐக்குக் கொடுக்கும் கட்டளையில்) ஒட்டவே வேண்டாம்.