நூறு நிமிடமும் ஓர் இரும்பு வலையும்: ஜப்பானில் யாக்கினிக்கு தபேஹோதாய் சாப்பிடும் முறை

ஒசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். வேலை விஷயமாக ஜப்பானின் ஐச்சி மாகாணத்துக்கு, பெரும்பாலும் தொயோஹாஷி பக்கம், போக வேண்டியிருக்கும். மாலையில் வேலை முடிந்து பசியோடு வெளியே வந்தால் என் முதல் விருப்பம் யாக்கினிக்குதான். மேசை நடுவில் பதித்த அடுப்பில், இரும்பு வலைமேல், மெல்லிசாக வெட்டிய இறைச்சியை நாமே போட்டு, நாமே திருப்பி, சுடச்சுடச் சாப்பிடுவது. இதில் தபேஹோதாய் என்று ஒரு முறை உண்டு. ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே விலை. நேரம் முடியும்வரை பட்டியலில் உள்ளதை எத்தனை முறை வேண்டுமானாலும் வரவழைக்கலாம். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு இது ரொம்பப் பொருத்தம். பில் எவ்வளவு வருமோ என்று மனக்கணக்குப் போட வேண்டாம், பெயர் தெரியாத பாகத்தையும் ஒரு தட்டு வரவழைத்து ருசி பார்த்துவிடலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொடுத்த காசுக்கு வயிற்றை நிரப்பியே ஆக வேண்டும் என்ற எண்ணத்தோடு உட்கார்ந்தால் இந்தச் சாப்பாடு வீணாகிவிடும். இங்கே இறைச்சிக்குக் கட்டுப்பாடு இல்லை, நேரத்துக்குத்தான் கட்டுப்பாடு. பெரும்பாலான கடைகளில் 90 முதல் 120 நிமிடம். கடைசி ஆர்டரை அது முடிவதற்கு 20 அல்லது 30 நிமிடம் முன்பே வாங்கிவிடுவார்கள். அந்த நேரத்தை நிதானமாகப் பகிர்ந்து செலவழிப்பதுதான் இதில் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை. கொஞ்சம் வரவழை, கொஞ்சம் சுடு, பேசு, சாப்பிடு, மறுபடி வரவழை. நான் சொல்லப்போவது எல்லாமே இதைச் சுற்றித்தான்.

கடையைத் தேடுவது கடினமில்லை. நாடு முழுக்கக் கிளைகள் உள்ள சங்கிலிக் கடைகளில் தொடங்குங்கள். 1996இல் தோக்கியோவில் தொடங்கிய க்யூகாகு பல ரயில் நிலையங்களுக்கு அருகில் இருக்கிறது. தட்டுக்கு விலை கொடுத்தும் சாப்பிடலாம், தபேஹோதாயும் உண்டு. யாக்கினிக்கு கிங் என்பது தொயோஹாஷியைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கடை. பெரும்பாலும் நகர விளிம்பில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும், கார் இருந்தால் வசதி. அங்கே 100 நிமிடம். எல்லாவற்றையும் தொடுதிரையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆர்டர் செய்யலாம். மேசை மேசையாக வந்து எந்தத் துண்டை எப்போது திருப்ப வேண்டும் என்று சொல்லித் தர ஒரு பணியாளரே இருக்கிறார். ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் அவர் கையைக் கவனித்தால் போதும், நிறையக் கற்றுக்கொள்ளலாம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இன்னொரு செய்தி: அங்கே பள்ளி சேராத குழந்தைகளுக்குப் பணம் இல்லை, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி விலை.

வெள்ளி, சனி இரவுகளில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். ஒவ்வொரு மாதமும் 29ஆம் தேதியைப் பல கடைகள் இறைச்சி நாளாகக் கொண்டாடிச் சலுகை தரும், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். ஆகஸ்ட் 29 யாக்கினிக்கு நாள் என்றே பெயர் பெற்றது. நெரிசல் பிடிக்காதவர்கள் வார நாளில் மாலை ஐந்தரை, ஆறு மணிக்குள் போய்விடலாம்.

உட்கார்ந்ததும் எந்தத் திட்டம் என்று கேட்பார்கள். வழக்கமாக மூன்று படிகள் இருக்கும். சாதாரணச் சங்கிலிக் கடைகளில் ஆளுக்குச் சுமார் 3,000 முதல் 5,000 யென் வரை ஆகும். மேசையில் உள்ள எல்லோரும் ஒரே திட்டத்தைத்தான் எடுக்க வேண்டும். ஒருவர் பணம் கட்டி மற்றவர்கள் பகிர்ந்துகொள்ள முடியாது. என் அனுபவத்தில் நடுப் படியே சிறந்தது. கீழ்ப்படியில் மாட்டு நாக்கும், ஹராமி என்ற மென்மையான தசைப் பகுதியில் நல்லதும் பல இடங்களில் கிடைக்காது. மேல்படியில் வாக்யூ என்ற உயர்ரக ஜப்பானிய மாட்டிறைச்சி வரும். ஆனால் கொழுப்பு அதிகம் என்பதால் நாலைந்து துண்டிலேயே திகட்டிவிடும், அளவில்லாமல் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு அது ஒத்துவராது. விலையைப் பார்க்கும்போது பெரிதாக அச்சிட்ட எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அது பெரும்பாலும் வரி சேராத தொகை. உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீத வரி உண்டு. சேர்த்த தொகை பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். பானங்கள் தனி. அளவில்லாமல் குடிக்கும் நோமிஹோதாயைக் கூடுதல் பணத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாம், மது இல்லாத பானங்களுக்கு மட்டும் என்றால் மலிவு. தண்ணீர் இலவசம்.

தொடுதிரையில் மொழி மாற்றும் பொத்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் படத்தைப் பார்த்துத் தொட்டால் சரி. முதல் சுற்றில் உப்புத் தடவிய நாக்கு ஒரு தட்டு, ஹராமி ஒரு தட்டு, கொஞ்சம் காய், கிம்சி என்ற காரமான கொரிய ஊறுகாய், சோறு. இரண்டு பேருக்கு இது போதும். ஆர்வத்தில் பத்துத் தட்டுக்கு ஒரே சமயத்தில் விரலை வைத்தால் மேசையில் இடம் இருக்காது, பச்சை இறைச்சி வெளியே கிடந்து நீர் விட்டுப்போகும். மிச்சம் வைத்தால் தனிக் கட்டணம் என்று பல கடைகளில் எழுதியே வைத்திருப்பார்கள். பார்சல் கட்டிக்கொண்டு போகும் பேச்சுக்கே இடமில்லை.

பாகங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால் தேர்ந்தெடுப்பது சுலபம். கருபி என்பது விலாப்பகுதி, கொழுப்போடு இருக்கும், எல்லோருக்கும் பிடிக்கும். ரோஸ் கொழுப்பு குறைந்தது. ஹராமி உதரவிதானத் தசை, சாறும் மென்மையும் உள்ளது. எனக்குப் பிடித்தது இதுதான், இதையே மூன்று நான்கு முறை வரவழைப்பேன். ஹோருமோன் என்றால் குடல், இரைப்பை வகைகள். நம் ஊரில் ஆட்டுக்குடல் குழம்பு ருசித்தவர்கள் தயங்காமல் எடுக்கலாம். பன்றியில் டொன்டொரோ என்ற கழுத்துப் பகுதி நறுக்கென்று இருக்கும்.

சுடும் வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. உப்புத் தடவியது முதலில், இனிப்பான சோயா சாறில் ஊறியது பிறகு. அந்தச் சாறில் சர்க்கரை இருப்பதால் வலையில் கருகி ஒட்டிவிடும். அதற்கப்புறம் போடும் எல்லாவற்றிலும் கரிக்கசப்பு ஏறும். வலை நன்றாகச் சூடேறும்வரை எதையும் போடாதீர்கள். கல் காயாமல் வார்த்த தோசை போல ஒட்டிக்கொண்டு கிழியும். மெல்லிய துண்டைப் போட்டதும் கையை எடுத்துவிடுங்கள். மேல்பக்கத்தில் சாறு முத்து முத்தாகக் கட்டும்போது ஒரே ஒரு முறை திருப்பி, சில நொடிகளில் எடுத்துவிடலாம். ஓயாமல் புரட்டினால் சாறெல்லாம் தீயில் வடிந்துவிடும். வலை நிறையப் பரப்பவும் கூடாது. ஒருவர் ஒரு முறைக்கு இரண்டு, மூன்று துண்டு, அவ்வளவுதான். வெங்காயம், பூசணி, சோளம் இவற்றுக்கு நேரம் பிடிக்கும், ஓரத்தில் வைத்து மறந்துவிடலாம். குடலை முதலில் தோல்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, சுருண்டு வந்ததும் கொழுப்புப் பக்கத்தைச் சற்று நேரம் மட்டும் காட்டுங்கள். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் பதற வேண்டாம், ஊதவும் வேண்டாம். துண்டுகளை ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, கேட்டு வாங்கிய பனிக்கட்டி ஒன்றிரண்டை வலைமேல் வைத்தால் தணிந்துவிடும்.

வலை கருத்துவிட்டால் மாற்றித் தருவார்கள், பெரும்பாலும் இலவசம். அழைப்பு மணியை அழுத்தி, அல்லது “சுமிமாசென்” என்று குரல் கொடுத்து, “அமி கோக்கன் ஒனேகாய்ஷிமாஸ்” என்று சொன்னால் போதும். கூச்சப்படாதீர்கள். ஊறவைத்த இறைச்சிக்குப் போகும் முன் ஒரு முறையாவது மாற்றச் சொல்வது நல்லது.

இனி நான் ரொம்பக் கண்டிப்பாக இருக்கும் ஒரு விஷயம். பச்சை இறைச்சியைத் தொட இடுக்கி தருவார்கள். வெந்ததை எடுக்க உங்கள் குச்சி. இரண்டும் கலக்கவே கூடாது. 2011இல் ஜப்பானில் ஒரு யாக்கினிக்கு சங்கிலியில் பச்சை மாட்டிறைச்சி சாப்பிட்டு நுண்ணுயிர்த் தொற்று ஏற்பட்டு உயிரிழப்புகள் நேர்ந்தன. அந்த ஆண்டே பச்சை மாட்டிறைச்சிக்குக் கடும் விதிகள் வந்தன. 2012 ஜூலையில் பச்சை மாட்டு ஈரலை விற்பதே தடைசெய்யப்பட்டது. ஆகவே மெனுவில் ஈரல் இருந்தால் அது சுடுவதற்கு மட்டுமே, உள்ளே சிவப்பு தெரியாதவரை சுடுங்கள். கோழியும் பன்றியும் அப்படித்தான். உள்பகுதி 75 டிகிரியில் ஒரு நிமிடம் வேக வேண்டும் என்பது அங்கே சுகாதாரத் துறையின் அறிவுரை. மாட்டிறைச்சித் துண்டில் லேசான சிவப்பு பரவாயில்லை என்று அங்கிருப்பவர்கள் சாப்பிடுவதைப் பார்க்கலாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எல்லாவற்றையும் முழுக்க வேகவைத்தே கொடுங்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்குக் கோழி, இறால், கணவாய், பன்றி எல்லாம் இதே பட்டியலில் கிடைக்கும். ஆனால் வலையும் இடுக்கியும் பொதுவாகிவிடும், அது மனதுக்கு ஒப்பாதவர்கள் தனி மேசை எடுப்பதே வழி. ஹலால் மட்டும் சாப்பிடுகிறவர்கள் சங்கிலிக் கடைகளைத் தவிர்த்துவிட்டு, தோக்கியோ போன்ற பெருநகரங்களில் உள்ள ஹலால் யாக்கினிக்கு கடைகளைத் தேடுங்கள். சாதாரணக் கடைகளின் சாறுகளில் மிரின் போன்ற மது சேர்ந்த பொருட்கள் இருக்கும். சுத்த சைவர்களை இங்கே அழைத்து வராதீர்கள். கூட்டத்தோடு வந்தாலும் அவர்களும் முழு விலை கட்ட வேண்டும். கிடைப்பதோ நாலு காயும் சோறும். சூப்பில்கூட மாடோ மீனோ கலந்திருக்கும்.

ஹொக்காய்தோ தீவுக்குப் போகிறவர்களுக்கு அருமையான மாற்று ஒன்று உண்டு. அங்கே செம்மறி ஆட்டிறைச்சியைத் தலைக்கவசம் போல் நடுவில் உயர்ந்த இரும்புச் சட்டியில் சுடுகிறார்கள், ஜிங்கிஸ்கான் என்று பெயர். உச்சியில் இறைச்சி, சரிவின் அடியில் முட்டைகோசும் முளைகட்டிய பயறும். உருகி இறங்கும் கொழுப்பில் காய் வேகும். சப்போரோ பீர் தோட்டத்தில் இதையும் அளவில்லாத முறையில் தருகிறார்கள்.

யாக்கினிக்கு மேசையில் கிம்சி, நாமுல் என்ற காய்க் கலவை, பிபிம்பாப் என்ற கலவைச் சோறு என்று கொரிய உணவுகள் இருப்பது தற்செயல் அல்ல. போருக்குப் பின் ஒசாகாவிலும் தோக்கியோவிலும் கொரிய மக்கள் நடத்திய கடைகளிலிருந்து வளர்ந்த சாப்பாடு இது. ஒசாகாவின் சுருஹாஷி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடைமேடையிலேயே இறைச்சி சுடும் வாசனை வரும். ஒரு நாளாவது அங்கே போய், அளவில்லாத முறையை விட்டு, நல்ல கடையில் தட்டுக்கு விலை கொடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள் என்று சொல்வேன். எங்கள் துறைக்காரர்களுக்குப் பிடிக்கும் இன்னொரு செய்தி: நகோயாவின் ஷின்போ நிறுவனம் 1980இல் புகையைக் கீழ்நோக்கி உறிஞ்சும் அடுப்பைக் கொண்டுவந்தது. அதன் பிறகுதான் நல்ல உடை உடுத்திய குடும்பங்கள் தைரியமாக உள்ளே வர ஆரம்பித்தன. 1991இல் மாட்டிறைச்சி இறக்குமதி தாராளமானது, விலை இறங்கியது, தபேஹோதாய் கட்டுபடியானது. அடுப்பின் விளிம்பில் அந்த உறிஞ்சு துளைகள் இருக்கும். அதன்மேல் காகிதத் துடைப்பானை வைத்துவிடாதீர்கள்.

இருந்தாலும் உடையில் வாசனை ஏறத்தான் செய்யும். கோட்டையும் பையையும் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியிலோ கூடையிலோ போட்டு மூடிவிடுங்கள். மறுநாள் கூட்டத்துக்குப் போடப்போகும் சட்டையில் வராதீர்கள்.

கடைசி ஆர்டர் அழைப்பு வந்ததும் இறைச்சியை நிறுத்திவிட்டு, குளிர்ந்த ரேய்மென் நூடுல்ஸ் ஒரு சின்னக் கிண்ணம் கேளுங்கள். புளிப்பும் குளிர்ச்சியுமாக, அத்தனை கொழுப்புக்குப் பிறகு வாய் தெளியும். ஐஸ்கிரீம் சில திட்டங்களில் ஆளுக்கு ஒன்று உண்டு. மேசையில் உள்ள சீட்டை எடுத்துக்கொண்டு வாசல் பக்கத்துக் கல்லாவில் பணம் கட்ட வேண்டும். டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை. சாப்பாட்டுக்கு நன்றி என்ற பொருளில் “கொச்சிசோசாமா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். கல்லாவில் சூயிங்கம்மோ மிட்டாயோ தருவார்கள், வாசலில் உடைக்கு அடித்துக்கொள்ள வாசனை நீக்கியும் பெரும்பாலும் இருக்கும்.