ரோமில் ஒரு நாள்: மதியச் சாப்பாட்டைக் கோட்டை விடாதீர்கள்

ரோமுக்கு வரும் நம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு சுற்றுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. இந்த ஊருக்குப் புதிதில் நான் இடறிய அதே இடங்களில்தான் வருபவர்களும் இடறுகிறார்கள். பிக்பாக்கெட், கடிக்காத செருப்பு பற்றியெல்லாம் யாரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

கொலோசியத்துக்கு நடுப்பகல் டிக்கெட்

கொலோசியம் டிக்கெட்டில் உள்ளே போகும் நேரம் குறித்திருக்கும். காலை நேரம் தீர்ந்துவிட்டால் பலரும் யோசிக்காமல் 12:30-ஐ எடுத்துவிடுகிறார்கள். அதே டிக்கெட்டில் பக்கத்திலிருக்கும் பழைய ரோமின் இடிபாடுகளான ரோமன் ஃபோரமும் பாலட்டைன் குன்றும் உண்டு. எல்லாம் பார்த்து வெளியே வரும்போது மணி நாலு.

ரோமில் உருப்படியான உணவகங்கள் பெரும்பாலும் 12:30-க்குத் திறந்து 3 மணிக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடும். மறுபடி இரவு 7:30-க்குத்தான். நாலு மணிக்கு இந்த வட்டாரத்தில் மேசை போட்டுக் காத்திருப்பவை பயணிகளின் பசியை நம்பி நடக்கும் கடைகள். வாசலிலேயே ஆள் நின்று, கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுவார்.

மதுரையிலிருந்து வந்த நண்பர் குடும்பம் அப்படித்தான் மாட்டியது. இரண்டு சின்னப் பிள்ளைகள், கொளுத்தும் வெயில். முதலில் கண்ணில் பட்ட மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஐஸ் மேல் அடுக்கியிருந்த மீனைப் பணியாளர் காட்டியிருக்கிறார். மெனுவில் 9 யூரோ. இரவு என்னைப் பார்த்ததும் நண்பர் பில்லை நீட்டினார். மீனுக்கு மட்டும் 108 யூரோ.

"அண்ணே, ஒன்பதுன்னுதானே போட்டிருந்தான்?"

விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'எத்தோ' என்று இருந்திருக்கும். எத்தோ என்றால் 100 கிராம். மீன் 1,200 கிராம். இத்தாலியில் முழு மீனையும் பெரிய இறைச்சித் துண்டையும் இப்படி எடைக்கு விற்பது சாதாரணம்தான். ஆனால் நல்ல கடையில் சமைப்பதற்கு முன்பே மீனைக் கொண்டுவந்து காட்டி, எடையையும் விலையையும் சொல்லிவிடுவார்கள். இங்கே வாயே திறக்கவில்லை. மீனும் காய்ந்து கிடந்ததாம். எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்கவில்லை.

மெனுவை ஒழுங்காகப் படித்திருக்க வேண்டும் என்று சொல்வது சுலபம். பசியில் அழும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு யாரால் பொடி எழுத்தைப் படிக்க முடியும்? 12:30 டிக்கெட்டை எடுத்த அன்றே இந்த பில் எழுதியாகிவிட்டது.

அதனால் முதலில் 1 மணிச் சாப்பாட்டை உறுதி செய்யுங்கள். அதற்கு முன்னும் பின்னும் மற்றதை வையுங்கள். கொலோசியத்துக்குக் காலை முதல் நேரம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சாப்பிட்ட பிறகு போங்கள், கோடையில் மாலைவரை திறந்திருக்கும். சாப்பிட டெஸ்டாச்சோ பகுதிக்குப் போகலாம். கொலோசியத்திலிருந்து மெட்ரோவில் இரண்டே நிறுத்தம், பிரமிடேயில் இறங்க வேண்டும். ஒரு காலத்தில் நகரத்தின் இறைச்சிக்கூடம் இருந்த இடம் அது. மாட்டுவால் குழம்பு, குடல் போட்ட பாஸ்தா எல்லாம் அங்கே வேலை செய்தவர்களின் சமையலிலிருந்து வந்தவை.

நேரம் தவறியே விட்டதா? மேசை தேடாதீர்கள். துண்டு பீட்சா விற்கும் கடைகள் பிற்பகலிலும் திறந்திருக்கும். எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் போதும். கத்தரிக்கோலால் வெட்டி, உங்கள் கண் முன்னால் எடை போட்டு, தாளில் மடித்துத் தருவார்கள். கூடவே ஒரு சுப்லி வாங்குங்கள். சோற்றை உருட்டி நடுவில் மொசரெல்லா சீஸ் வைத்துப் பொரித்தது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது

2019 முதல் உட்காரவே தடை. அபராதம் உண்டு.

தண்ணீர் பாட்டிலுக்குக் காசு

வேண்டாம். தெருவோரம் ஓடிக்கொண்டிருக்கும் இரும்புக் குழாயில் வருவது நல்ல குடிநீர்.

சைவம் என்று நம்பிவிடுவது

கார்போனாரா, அமாத்ரிச்சானா, கிரிச்சா என்ற பாஸ்தா வகைகள் மூன்றிலும் பன்றிக் கன்ன இறைச்சி இருக்கும். காச்சோ எ பேபே என்ற பாஸ்தாவில் சீஸும் மிளகும்தானே என்று சைவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். ஆனால் அதில் போடும் பெக்கோரினோ ரோமானோ சீஸுக்குப் பாலை உறைய வைப்பதே ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான். கண்டிப்பான சைவர்கள் தக்காளி சாஸ் பாஸ்தா கேட்கலாம். மேலே சீஸ் தூவ வேண்டாம் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். கூனைப்பூ (ஆர்ட்டிசோக்) கிடைக்கும் பருவம் என்றால் பழைய யூதர் பகுதிக்குப் போங்கள். முழுப் பூவை ஆலிவ் எண்ணெயில் இதழ் மொறுமொறுக்கும்வரை பொரித்துத் தருவார்கள், ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்.