போட்டித் துப்பாக்கிச் சுடுதலுக்கு பெல்ட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐபிஎஸ்சி என்ற சர்வதேசச் செயல்முறைத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் முறைப்படி நடக்கும் போட்டியில் சுடுபவர் ஓரிடத்தில் நின்றபடி இலக்கைக் குறிபார்ப்பதில்லை. அவர் ஓடுகிறார், மண்டியிடுகிறார், தடுப்பின் ஓரமாகச் சாய்ந்து சுடுகிறார், ஓடிக்கொண்டே துப்பாக்கியின் மேகசினை (குண்டுகள் அடங்கிய பெட்டியை) மாற்றுகிறார். 1976இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள கொலம்பியா நகரில் உருவான இந்த அமைப்பின் கைத்துப்பாக்கி உலகப் போட்டி, 2017இல் பிரான்சின் ஷாத்தோருவிலும் 2022இல் தாய்லாந்தின் பட்டாயாவிலும் நடந்தது. இதில் புதிதாக இறங்குபவர்களில் பலர் துப்பாக்கிக்கும் அதைச் செருகிவைக்கும் உறையான ஹோல்ஸ்டருக்கும் மாதக்கணக்கில் யோசித்துச் செலவழிக்கிறார்கள். அவற்றைத் தாங்க வேண்டிய பெல்ட்டை மட்டும் கையில் மிஞ்சிய பணத்துக்கு வாங்குகிறார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

அந்த பெல்ட் எவ்வளவு எடையைச் சுமக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. புரொடக்‌ஷன் பிரிவில், அதாவது தொழிற்சாலையில் செய்தபடியே பெரிதாக மாற்றாத துப்பாக்கிகளுக்கான பிரிவில், பலரும் பயன்படுத்தும் சிஸட் ஷேடோ 2 கைத்துப்பாக்கி காலியாக இருக்கும்போதே சுமார் 1.3 கிலோ எடை கொண்டது. ஐபிஎஸ்சியின் நீண்ட சுற்று ஒன்றில் 32 குண்டுகள் வரை சுட வேண்டியிருக்கலாம். ஆனால் இந்தப் பிரிவில் தொடக்கத்தில் ஒரு மேகசினில் 15 குண்டுகளுக்கு மேல் நிரப்பக் கூடாது. ஒரு குண்டுகூடத் தவறாமல் சுடுபவருக்கே மூன்றாவது மேகசின் தேவைப்படும் என்பதால், நான்கு அல்லது ஐந்து மேகசின்களைக் கட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். நிரப்பிய மேகசின் ஒவ்வொன்றும் கால் கிலோவுக்கு மேல் இருக்கும். ஹோல்ஸ்டர், மேகசின்களைச் செருகும் பவுச்சுகள் எல்லாவற்றையும் சேர்த்தால் இரண்டரை, மூன்று கிலோ ஆகிவிடும். இதில் துப்பாக்கியின் எடை முழுவதும் ஒரே பக்கத்தில் தொங்குகிறது.

ஆகவே அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் தோல் பெல்ட்டில் ஹோல்ஸ்டரை மாட்டிச் சமாளிக்கலாம் என்று நினைப்பது முதல் தவறு. துப்பாக்கியை உருவும்போது கை மேல்நோக்கி இழுக்கிறது; பெல்ட் வளைந்துகொடுத்தால் ஹோல்ஸ்டரும் கூடவே எழும்புகிறது. துப்பாக்கி வெளிவரும் நேரமும் கோணமும் ஒவ்வொரு முறையும் மாறும்போது, நூற்றுக்கணக்கான முறை பயிற்சி செய்தும் கை அதற்குப் பழகாது. கடையில் சோதித்துப் பார்ப்பது எளிது. பெல்ட்டின் ஒரு முனையை, அதன் அகலம் செங்குத்தாக நிற்கும்படி பிடித்துக்கொண்டு கிடைமட்டமாக நீட்ட வேண்டும். நல்ல பெல்ட்டின் மறுமுனை உடனே தொய்ந்துவிடாது. பிறகு இரு கைகளாலும் ஒரு சாண் நீளத்தைப் பிடித்து முறுக்கிப் பார்க்க வேண்டும். துணியைப் பிழிவதுபோல் எளிதாக முறுகினால் அது இந்த வேலைக்கு ஆகாது. முறுகாமல் இருப்பதற்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன், ஏனெனில் ஹோல்ஸ்டர் வெளிப்பக்கமாகச் சாய்வது முறுக்கத்தால்தான்.

இதற்கு எதிர்த்திசையில் செய்யும் தவறும் உண்டு. ராணுவ வீரர்கள் கட்டும் அகலமான பெல்ட் உறுதியாகத்தானே இருக்கும் என்று எண்ணி இரண்டு அங்குல அகலத்தில் வாங்கிவிடுகிறார்கள். போட்டிக்கான ஹோல்ஸ்டர்களும் பவுச்சுகளும் பெரும்பாலும் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர் அகலத்துக்கே செய்யப்படுகின்றன. அகலமான பெல்ட்டில் அவை ஏறவே ஏறாது. தடிமனையும் பார்க்க வேண்டும். பவுச்சைப் பெல்ட்டோடு இறுக்கும் பிடிப்பானின் திருகை முழுவதும் இறுக்கிய பிறகும் பவுச் ஆடுகிறதென்றால், பெல்ட் அதற்கு மெல்லியதாக இருக்கிறது என்று பொருள். இடையில் ஒரு தகடு வைத்தாக வேண்டும்.

இன்று இந்த விளையாட்டில் பெரும்பாலோர் அணிவது இரட்டை பெல்ட். மெல்லிய உள்பெல்ட் பேன்ட்டின் லூப்புகள் வழியே போகிறது. விறைப்பான வெளிபெல்ட் அதன்மேல் வெல்க்ரோவால் ஒட்டிக்கொள்கிறது. அளவெடுப்பதில் நடக்கும் தவறு இங்கேதான் அதிகம். பேன்ட்டில் அச்சிட்டிருக்கும் இடுப்பளவு உண்மையான சுற்றளவோடு ஒத்துப்போவது அரிது. போட்டிக்கு அணியும் அதே பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, சட்டையை உள்ளே விடுவதாக இருந்தால் அதையும் விட்டு, லூப்புகளின் மேலேயே டேப்பைச் சுற்றி அளக்க வேண்டும். உள்பெல்ட்டும் லூப்புகளும் சேர்ந்து 4 மில்லிமீட்டர் தடிமன் வந்தாலே, அதற்கு வெளியே சுற்றும் பெல்ட்டுக்கு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் கூடுதல் நீளம் தேவைப்படும். வெளிபெல்ட் அளவுக்கு மீறி நீண்டுவிட்டால், ஒரு முனை மற்றதன்மேல் ஏறும் பகுதி முதல் மேகசின் பவுச் உட்கார வேண்டிய இடத்துக்கே வந்துவிடுகிறது. இரட்டைத் தடிமனில் பவுச் ஏறாது. வெட்டிச் சரிசெய்யக்கூடிய பெல்ட் என்றால் முதல் நாளே கத்தரிக்கோலை எடுக்கக் கூடாது. எல்லாப் பொருள்களையும் மாட்டி ஒரு முழுப் பயிற்சி செய்துவிட்டு, வால் முனையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, நைலான் நூல் பிரியாமல் நெருப்பில் லேசாகக் காட்டி அடைக்க வேண்டும்.

விதிகளைப் படிக்காமல் வாங்குவதும் பரவலாக நடக்கிறது. ஹோல்ஸ்டரைத் தாங்கும் பெல்ட் இடுப்பில் உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், அல்லது பேன்ட்டில் குறைந்தது மூன்று லூப்புகளாவது அதைப் பிடித்திருக்க வேண்டும் என்கிறது ஐபிஎஸ்சி. லூப் இல்லாத விளையாட்டு பேன்ட்டோடு வருபவர்கள் இதைப் பதிவு மேசையில்தான் தெரிந்துகொள்கிறார்கள். புரொடக்‌ஷன் பிரிவில் ஹோல்ஸ்டரும் மேகசின்களும் இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பதால், ஒல்லியான உடல்வாகு கொண்டவருக்கு ஐந்து பவுச்சுகளுக்கு இடம் போதாமல் போகலாம். துப்பாக்கியில் மாற்றங்களைத் தாராளமாக அனுமதிக்கும் ஓப்பன் பிரிவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பிரிவை முடிவுசெய்யாமல் பெல்ட்டை முடிவுசெய்ய முடியாது.

இரட்டை பெல்ட் வாங்குபவரிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லாத செய்தி ஒன்று இருக்கிறது, பாதுகாப்பு சார்ந்தது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். வெளிபெல்ட்டைக் கழற்றாமல் உள்பெல்ட்டைத் தளர்த்த முடியாது. கழிப்பறைக்குப் போகும் அவசரத்தில், துப்பாக்கி ஹோல்ஸ்டரில் இருக்கும்போதே வெளிபெல்ட்டை உரித்துக் கையில் எடுத்தால், அமெரிக்கக் கிளையான யுஎஸ்பிஎஸ்ஏவின் விதிப்படி அது துப்பாக்கியைக் கையாண்டதாகவே கருதப்படும். துப்பாக்கியைக் கையாள அனுமதிக்கப்பட்ட பாதுகாப்புப் பகுதிக்கு வெளியே அப்படிச் செய்தவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார். முதலில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய்த் துப்பாக்கியைப் பைக்குள் வைத்துவிட்டு, பிறகு பெல்ட்டைக் கழற்றுவதே முறை.

வெல்க்ரோவைப் பற்றிக் கவலைப்பட அதிகம் இல்லை. உள்பெல்ட்டின் வெளிமுகத்தில் மென்மையான பக்கம் இருக்கும்படி வாங்கினால் சட்டையும் கார் இருக்கையும் தப்பும். முட்பக்கத்தில் சேரும் நூலையும் தூசியையும் அவ்வப்போது கெட்டியான தூரிகையால் எடுத்துவிட்டால் பிடிப்புக் குறையாது.

பெல்ட் கைக்கு வந்ததும் நேரே போட்டிக்குக் கட்டிக்கொண்டு போவதும் தவறுதான். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கி காலியாக இருப்பதை இரண்டு முறை பார்த்து உறுதிசெய்துகொண்டு, போலித் தோட்டா நிரப்பிய மேகசின்களோடு வீட்டிலேயே அரைமணி நேரம் உருவியும் மண்டியிட்டும் நடந்தும் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் ஹோல்ஸ்டரின் இரு ஓரங்களையும் பெல்ட்டில் சாக்பீஸால் குறித்து வைத்தால், முடிவில் அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது கண்ணால் காணக் கிடைக்கும். நகர்ந்திருந்தால் பிடிப்பானின் திருகுகளைக் கழற்றி, திருகுப் பிடிப்புப் பசை ஒரு சொட்டு விட்டு மீண்டும் இறுக்க வேண்டும். அதன் பிறகும் நகர்ந்தால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் பெல்ட்டைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம்.