விழுந்த லேப்டாப் உயிர் பெறவில்லையா? செய்யக்கூடாத வேலைகள்

மேசையிலிருந்தோ மோட்டார் கூடையிலிருந்தோ விழுந்த லேப்டாப்பில் முதலில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் சின்ன சாமான்தான்: ஸ்லாட்டிலிருந்து கழன்ற ரேம், நழுவிய திரை கேபிள், வளைந்துபோன சார்ஜர் ஜாக். கடைக்கு வந்து சேரும்போது அதே லேப்டாப்பில் போர்டு எரிந்திருக்கும், அல்லது ஹார்ட் டிஸ்க் கீறிப்போயிருக்கும். இடைப்பட்ட நேரத்தில் வீட்டில் யாரோ விடாமல் முயன்றிருப்பார்கள்.

விழுந்த மறுநிமிடமே சார்ஜரைக் குத்துவது அதில் முதல் தவறு. முதலில் பேட்டரியைப் பாருங்கள். லேப்டாப்பைச் சமமான மேசையில் வையுங்கள். ஆடுகிறதா, டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறதா, அடிமூடியின் ஓரத்தில் புதிதாக இடைவெளி தெரிகிறதா, நகப்பூச்சு போல இனிப்பான ரசாயன வாடை வருகிறதா, அணைந்திருக்கும்போதே ஒரு பக்கம் சுடுகிறதா என்று கவனியுங்கள். ஒன்று இருந்தாலும் சார்ஜ் செய்யாதீர்கள், பவர் பட்டனைத் தொடாதீர்கள். அடிபட்ட லித்தியம் பேட்டரியின் உள்ளே இருக்கும் மெல்லிய பிரிப்புத் தாள் கிழிந்திருந்தால், சார்ஜ் ஏறும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். மெத்தை, திரைச்சீலை பக்கத்தில் வைக்காமல் வெறும் ஓட்டுத் தரையில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டு வேலைக்குப் போகவே கூடாது. புகை கிளம்பினால் லேப்டாப்பைக் காப்பாற்ற நினைக்காமல் வெளியேறி அவசர உதவி எண் 999-ஐ அழையுங்கள். பேட்டரி உப்பல் சில மணி நேரம் கழித்தும் தெரியலாம் என்பதால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அன்று இரவு சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம்.

அடுத்தது, "இன்னும் ஒரு தடவை" என்று பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பது. உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கும் பழைய லேப்டாப்பில் இதன் விலை அதிகம். அதன் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும். படிக்கும் முனை தட்டைத் தொடாமல், கண்ணுக்கே தெரியாத இடைவெளியில் மிதக்கும். விழுந்த அதிர்ச்சியில் முனை வளைந்திருந்தால், ஒவ்வொரு முறை பவர் கொடுக்கும்போதும் அது தட்டைச் சுரண்டும். சுரண்டிய இடத்தில் இருந்த படத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. 'டக், டக்' என்று சீரான சத்தம் கேட்டால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு செக்டிஸ்க் என்ற விண்டோஸ் சோதனையை ஓட்டுவதும், மீட்பு மென்பொருளை இரவு முழுக்க ஓடவிடுவதும் டிஸ்க்கை முடித்துவைக்கும் வேலை. பிரீசரில் வைக்கும் யோசனை இன்னும் மோசம். கோலாலம்பூர் ஈரப்பதத்தில் குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்ததும் நீர் படியும், சில நேரம் உள்ளேயும். சுழலும் தட்டுக்குப் பதிலாக சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பில், டிஸ்க்கில் அசையும் பாகம் கிடையாது. லேப்டாப் செத்தது போலக் கிடந்தாலும் கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

உண்மையில் ஸ்டார்ட் ஆகவில்லையா, திரை மட்டும் வரவில்லையா என்று பிரித்துப் பார்க்காதது மூன்றாவது தவறு. பணத்தை அதிகம் வீணாக்குவது இதுதான். பேட்டரியில் மேலே சொன்ன அறிகுறி எதுவும் இல்லையென்றால் ஒரே ஒருமுறை ஆன் செய்து காது கொடுங்கள். விசிறி ஓடுகிறதா? கேப்ஸ் லாக்கை அழுத்தினால் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? அணைகிறதென்றால் பெரும்பாலும் போர்டும் பிராசசரும் வேலை செய்கின்றன. அறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சைத் திரையில் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போனது பின்னொளி. பிறகு எச்டிஎம்ஐ கம்பியால் வீட்டு டிவியோடு இணைத்து இரண்டு நிமிடம் காத்திருங்கள். பல லேப்டாப்புகள் விண்டோஸ் ஏறிய பிறகுதான் வெளித்திரைக்குப் படம் அனுப்பும். டிவியில் படம் வந்தால் கோளாறு திரையிலோ அதன் கேபிளிலோ இருக்கிறது. அப்போதே முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடுங்கள். இந்தச் சோதனை இல்லாமல் போனால், கவுண்டரில் "அண்ணே, மதர்போர்டு போச்சு" என்று சொல்லும்போது மறுத்துப் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது.

பவர் விளக்கின் சிமிட்டலையும் பலர் கவனிப்பதில்லை. பல டெல் மாடல்களில் மஞ்சள் 2 முறை, வெள்ளை 3 முறை என்று மாறி மாறி மின்னினால் ரேம் தென்படவில்லை என்று பொருள். எச்பி லேப்டாப்புகளிலும் இப்படி ஒரு குறியீடு உண்டு. கைப்பேசியில் வீடியோ எடுத்து, உங்கள் மாடலின் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

ஒரு விளக்கும் எரியவில்லையென்றால் மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள்: சார்ஜர், மவுஸ், பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பல திங்க்பேட்களின் அடியில் இதற்கென்றே ஊசித்துளை இருக்கும். நிமிர்த்திய பேப்பர் கிளிப்பால் லேசாக அழுத்தினால் போதும். லேப்டாப்போடு சேர்ந்து சார்ஜரும் விழுந்திருக்கும், அதையும் சந்தேகப்படுங்கள். நம் மூன்று முள் பிளக்கின் உள்ளே ஃபியூஸ் இருக்கிறது, மாற்றிப் பார்க்கலாம். கைப்பேசியின் டைப்-சி சார்ஜரைக் குத்திவிட்டு "ஏறவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலான லேப்டாப்புகளுக்கு 45 அல்லது 65 வாட் தேவை. ஜாக் ஆடினால், ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து ஓட்டுவதை நிறுத்துங்கள். உள்ளே முள் விட்டு விட்டுத் தொடும்போது தீப்பொறி பறந்து போர்டின் சார்ஜிங் பகுதியையே எரித்துவிடும். ஜாக்கோடு முடிய வேண்டிய செலவு போர்டு வரை போவது இப்படித்தான்.

கழற்றிப் பார்க்கும் துணிச்சல் இருந்தால், உப்பாத பேட்டரி உள்ள லேப்டாப்பை மட்டும் திறங்கள். ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவை மறந்துவிட்டு மூடியை நெம்பித்தான் பலர் கொக்கிகளை உடைக்கிறார்கள். ஸ்க்ரூக்களை எடுத்த இடத்தின் வரிசையிலேயே காகிதத்தில் ஒட்டிவையுங்கள். குட்டை ஸ்க்ரூ இருந்த துளையில் நீள ஸ்க்ரூவை இறக்கினால் அது போர்டின் தடங்களை அறுத்துவிடும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது; அதைச் செய்யாமல் ரேமைப் பிடுங்குவதும் கேபிளை நீவுவதும் ஷார்ட்டுக்கு அழைப்பு. ரேமின் இருபுறக் கொக்கிகளையும் விலக்கினால் அது தானாகச் சாய்ந்து எழும். பொன் நிறப் பட்டையைத் தொடாமல் வெளியே எடுத்து, அதே சாய்வில் முழுதாக உள்ளே தள்ளி, 'கிளிக்' வரும்வரை அழுத்துங்கள். மெல்லிய லேப்டாப் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், தேட வேண்டாம். ரேமை மறுபடி பொருத்திய பிறகு முதல் முறை ஆன் ஆகும்போது, குறிப்பாக டிடிஆர்5 என்ற புதிய வகை ரேமில், சில நிமிடம் கறுப்புத் திரையே இருக்கலாம். பயந்து நடுவில் அணைத்தால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

லேப்டாப் எழவே இல்லை, கோப்புகள்தான் முக்கியம் என்றால், எம்.2 எனப்படும் மெல்லிய பட்டை வடிவ எஸ்எஸ்டியைக் கழற்றி ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் பாருங்கள். உறை வாங்கும்போது உங்கள் எஸ்எஸ்டி என்விஎம்இ வகையா சாட்டா வகையா என்று சரிபாருங்கள், மாறினால் படிக்காது. டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால், அவசரத்தில் சம்மதித்துவிடாதீர்கள். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போர்டை மாற்றினாலும் இதே எண்ணைக் கேட்கும் என்பதால், கடைக்குப் போகும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எம்1 முதலான சிப் உள்ள மேக்புக்கில் இந்த வழி கிடையாது. சேமிப்பகம் அந்த சிப்போடு பிணைத்துப் பூட்டப்பட்டிருப்பதால், கோப்பு வேண்டுமென்றால் அதே போர்டைப் பழுதுபார்க்க வேண்டும். போர்டை மாற்றச் சம்மதித்தால் தரவு போனது போனதுதான்.

கோலாலம்பூரின் கணினிக் கடை வளாகமான லோ யாட் பிளாசாவோ, பினாங்கு கொம்தார் பக்கமோ, எங்கே கொடுத்தாலும் விழுந்ததை மறைக்காதீர்கள். சாதாரண உத்தரவாதம் விழுந்த சேதத்தை ஏற்காது. மூடி வளைந்திருப்பதைப் பார்த்ததுமே தெரிந்துவிடும், அதற்குள் உங்கள் நேரம்தான் வீணாகியிருக்கும். விபத்துப் பாதுகாப்புத் திட்டம் தனியாக வாங்கியிருக்கிறீர்களா என்று ரசீதில் பாருங்கள். இருந்தால் நீங்களே திறந்து பார்க்காமல் அதிகாரபூர்வ சேவை மையத்துக்குப் போங்கள். மற்றபடி கடையில் எழுதித் தரச் சொல்ல வேண்டியவை: ரேமும் எஸ்எஸ்டியும் எத்தனை ஜிபி, அவற்றின் சீரியல் எண், சோதனைக் கட்டணம் எவ்வளவு, உங்களைக் கேட்காமல் ஃபார்மட் செய்ய மாட்டோம் என்ற ஒரு வரி. மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படி வேலை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். வேலையில் தகராறு வந்தால் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அங்கேயும் முதலில் கேட்பது அந்த எழுத்துச் சீட்டைத்தான்.